மாத்திரை போட்டியா?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 34. ஒன்பது வருடமாக பைபோலார் நோய் (மனசு சில காலம் அளவு மீறித் துள்ளும், சில காலம் அடியோடு சோர்ந்துவிடும்), அதற்கு லித்தியம் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். போன மாதம் அப்பா தவறிவிட்டார். அந்த நாலைந்து நாள் மாத்திரை ஞாபகமே வரவில்லை. இப்போது ஒழுங்காகப் போடுகிறேன். ஆனால் கை நடுங்குகிறது, தினமும் தலைவலி, அதற்கும் ஒரு மாத்திரை. அழுதால் அக்கா “மாத்திரை போட்டியா?” என்கிறாள். சித்தப்பாவிடம் குரல் உயர்த்தினால் அம்மாவும் அதையே கேட்கிறார். அப்பாவுக்காக அழக்கூட எனக்கு உரிமை இல்லையா? சில ராத்திரிகளில் அவரோடே போயிருக்கலாம் என்று தோன்றுகிறது. இது துக்கமா, நோயா?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

‘அவரோடே போயிருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே, அதே வார்த்தைகளில், இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ராத்திரியில் அந்த நினைப்பு வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 14416க்குக் கூப்பிடுங்கள். 2022 முதல் நடக்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி சேவை அது. எந்நேரமும் தமிழில் பேசலாம். பக்கத்து அறையில் அக்கா இருந்தால் அவரையும் எழுப்புங்கள்.

அடுத்து அந்தக் கை நடுக்கம். தலைவலிக்கு என்ன போடுகிறீர்கள்? ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகள் ரத்தத்தில் லித்தியத்தை அளவுக்கு மேல் ஏற்றிவிடும், அதனாலும் கை நடுங்கலாம். டாக்டரைக் கேட்காமல் இனி ஒன்றுகூடப் போடாதீர்கள். லித்தியம் அளவு பார்க்க ரத்தம் கொடுங்கள், கடைசி வேளை மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. வாந்தி, பேதி, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

எனக்கும் இதே நோய்தான், பதினான்கு வருடமாக. சாவு வீடு நம் போன்றவர்களை எப்படிச் சாய்த்துவிடும் என்பதை அம்மா போன அன்று பார்த்தேன். எடுக்கும்வரை அடுப்பு எரியாது. வெயிலில் பந்தலுக்கும் தெருவுக்கும் அலைச்சல். தண்ணீர் குடிக்கத் தோன்றாது. உடம்பில் நீர் வற்றினாலும் லித்தியம் ஏறும். ராத்திரி முழுக்க விழிப்பு வேறு, தூக்கம் கெட்டால் நமக்கு மனசு தறிகெட்டு ஓடத் தொடங்கிவிடும். அன்று ஒன்பதரை மணிக்கு ஒரு சிநேகிதன் என் கையைப் பிடித்து எதிர்வீட்டு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனான். பாயை விரித்தான். சொம்பில் தண்ணீர் வைத்தான். என் சட்டைப் பைக்குள் கையை விட்டு மாத்திரை அட்டையை அவனே எடுத்துக் கொடுத்தான். “பெத்த புள்ள தூங்கப் போறானா?” என்று கீழே யாரோ கேட்டது காதில் விழுந்தது. தூங்கினேன். நாலு மணிக்கு இறங்கிவந்து அம்மா காலடியில் உட்கார்ந்து விடியும்வரை அழுதேன். அந்த அழுகை என்னுடையது. நோய்க்கு அதில் பங்கில்லை.

உங்களுடையதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். துக்கம் விட்டுவிட்டு வரும். அப்பாவின் செருப்பைப் பார்த்தால் பொங்கும், கொஞ்ச நேரத்தில் பசிக்கும், அவர் சொன்ன ஏதாவது ஞாபகம் வந்து சிரிப்போம். மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல், புதுப்புது யோசனையோடு துள்ளி எழுந்தால் அது வேறு. நாள் கணக்கில் எழுந்து குளிக்கவும் முடியாமல், எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தாலும் வேறுதான். இரண்டுமே டாக்டருக்குத் தெரிய வேண்டியவை. துக்கமும் நோயும் சேர்ந்தே வரவும் செய்யும், அதனால் நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடவும் கூடாது. கையில் பணம் நெருக்கடி என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், மாத்திரை இலவசம். செலவுக்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

அக்காவின் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் பயந்துபோயிருக்கிறார், அப்பாவும் இல்லாத வீட்டில் உங்களையும் இழந்துவிடுவோமோ என்று. இதை அவரிடம் படிக்கக் கொடுங்கள். தம்பி அழும்போது மாத்திரையைப் பற்றிக் கேட்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். காலையில் காபி கொடுக்கும்போது கேளுங்கள்: “ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினே?”