வாசகர் கேள்வி பதில்: மேட்டில் மோதும் பாக்கெட்டுகள்

கேள்வி: வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்தில் மண் ஈரம் அளக்க ஐந்து லோரா (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் பேசும் ரேடியோ) நோடுகள் வைத்திருக்கிறோம். ஸ்டோரில் 1, இந்தப்புறச் சரிவில் 2, மேட்டின் உச்சியில் 3, அந்தப்புறச் சரிவில் 4, 5. ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவி சேதி ஸ்டோருக்கு வரும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை 20 பைட், எஸ்எஃப்10 (வேகம் குறைத்துத் தூரம் கூட்டும் அமைப்பு), அலைவரிசை அகலம் 125 கிலோஹெர்ட்ஸ். சேனல் காலியா என்று பார்த்தே அனுப்புகிறது. இருந்தும் 3-இல் பாக்கெட் தொலைகிறது. நேரம் பிரித்துக் கொடுத்தால் சரியாகுமா?
- வாசகர், கம்பம்

பதில்: 4 பேசுவது மேடு மறைப்பதால் 2-க்குக் கேட்காது. காலி என்று நம்பி அதுவும் பேசும். இரண்டும் 3-இல் மோதும். கணினி வலையமைப்பு ஆய்வாளர்கள் க்ளைன்ராக்கும் டோபாகியும் 1975-லேயே அலசிய 'மறைந்த முனை' சிக்கல் இது. கேட்டுப் பார்த்து அனுப்பும் முறை இங்கே கைகொடுக்காது.

'அனுப்பட்டுமா', 'அனுப்பு' என்று முன்கூட்டிப் பேசிக்கொள்ளும் முறையும் வேண்டாம். 4 பைட் கேள்விக்கே 0.21 வினாடி போகும். கேள்வியும் பதிலும் சேர்ந்து 0.41, உங்கள் சேதியோ 0.37 வினாடிதான்.

முதலில் ஒன்றைப் பாருங்கள்: எல்லா நோடும் சரியாக 10, 20, 30-ஆம் நிமிடத்தில் விழிக்கிறதா? அப்படியானால் மோதல் அங்கேதான் பிறக்கிறது. ஒரு சுற்றில் 5-இன் சேதிக்கு 4, 4-க்கு 3, 3-க்கு 2, 2-க்கு 1 என மொத்தம் 10 தாவல், 3.7 வினாடி, 600 வினாடியில் இது ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு அனுப்புதலையும் 0 முதல் 60 வினாடி வரை தற்செயலாகத் தள்ளிப்போட்டாலே இழப்பு வெகுவாகக் குறையும். அந்த 60 வினாடிக்குப் பதில் 10 நிமிடம் முழுக்கப் பரவினால், எதையும் கேட்காமல் அனுப்பும் அலோஹா கணக்கில்கூடத் தாவலுக்குச் சுமார் 99 சதவீதம் தேறும்.

30 வினாடிக்கு ஒருமுறை வேண்டுமென்றால் கதை வேறு. அதே கணக்கில் தாவலுக்கு 78 சதவீதம். 5-இன் சேதி நான்கு தாவல் தாண்டி ஸ்டோர் வருவது 37 சதவீதம்தான். அப்போது நேரம் பிரியுங்கள். தலா 1 வினாடி, வரிசை 5, 4, 3, 2. ஒவ்வொரு நோடும் தன் அளவை 5 பைட்டில் சுருக்கி, வந்ததோடு சேர்த்து ஒரே பாக்கெட்டாக அனுப்பட்டும். நான்கும் சேர்ந்து 20 பைட். 10 தாவல் நான்காகிவிடும். 3 அனுப்புவதை 4-ம் கேட்கும். அதில் தன் அளவு இருந்தால் அதுவே ரசீது.

கடிகாரத்தில் கவனம். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகும்) கிரிஸ்டல் மணிக்கு 72 மில்லிவினாடி பிசகும். இரண்டு எதிரெதிராகப் பிசகினால் 144. மணிக்கொருமுறை ஸ்டோரில் உள்ள 1-ஆம் நோடு மற்றவற்றுக்கு நேரம் சொன்னால் போதும். அந்தப் பாக்கெட்டை அனுப்பி முடிக்க ஆகும் நேரத்தையும் பெறும் நோடு கூட்டிக்கொள்ள வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தாவலுக்குத் தாவல் கடிகாரம் பின்தங்கி, 1 வினாடியில் சேதியின் 0.37 போக மீதியுள்ள 0.63 வினாடி இடைவெளியில் பாதிக்கு மேல் அதுவே தின்றுவிடும்.