ஒன்பதாம் ஆண்டில் காலியாகும் நாற்காலி

கேள்வி: நோய்களை மூலக்கூறு அளவில் ஆராயும் ஐரோப்பாவின் சில மூலக்கூறு மருத்துவ மையங்களில், இளம் ஆய்வுக் குழுத் தலைவருக்கு முதலில் ஐந்து ஆண்டும், மதிப்பீட்டில் தேறினால் மேலும் நான்கு ஆண்டும்தான் பதவி என்று ஆராய்ச்சி செய்யும் என் மகள் சொல்கிறாள். நன்றாக உழைப்பவரை வெளியே அனுப்பிவிட்டு ஒரு நாடு என்ன சாதிக்க முடியும்?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் அந்த ஏற்பாடு அனுப்புவதற்காகவே செய்யப்பட்டது. ஹைடெல்பெர்க்கைத் தலைமையிடமாகக் கொண்டு 1974இல் தொடங்கிய ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தின் வழக்கம் இது. நார்வே, பின்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகள் 2008இல் அந்த ஆய்வகத்துடன் கூட்டுச் சேர்ந்தபோது, ஆஸ்லோ, ஹெல்சிங்கி, ஊமியோ நகரங்களின் மையங்களுக்கும் இதே முறை வந்தது; டென்மார்க் 2013இல் சேர்ந்தது. முப்பத்தைந்து வயதில் ஒருவர் நிரந்தரமாக அமர்ந்துவிட்டால், அந்த இடம் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு வேறொருவருக்குக் கிடைக்காது. ஒன்பது ஆண்டில் கிளம்புகிறவரோ, தான் கற்ற நுட்பத்தையும் பழக்கிய மாணவர்களையும் நாட்டின் வேறொரு பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு செல்ல முடியும்.

ஆய்வாளர்கள் இப்படி ஊர்விட்டு ஊர் போவது நார்வேக்கு அவசரத் தேவை. ஏறத்தாழ 55 லட்சம் மக்கள் உள்ள அந்த நாட்டில், டிரோம்சோ நகரத்து மக்களின் உடல்நிலையை 1974 முதல் பின்தொடரும் ஆய்வு ஒன்று வடகோடியில் நடந்துவருகிறது. ஆஸ்லோவோ அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இரத்த மாதிரி ஓரிடத்திலும் அதைப் பகுத்தறியும் கருவி வேறோரிடத்திலும் இருக்கும்போது, இரண்டையும் இணைப்பவர்கள் மனிதர்கள்தாம். அதனால்தான் ஆஸ்லோ மையம் பிற நகரங்களில் பணியாற்றும் இளம் ஆய்வாளர்களையும், அவர்கள் தம் வேலையை விடாமலேயே, இணை ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொண்டது.

குழுத் தலைவரின் முதல் ஆண்டில் அறிவியல் குறைவு, அலுவல் அதிகம். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி வந்து சேராது. நோயாளிகளின் திசுவைத் தொடுவதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். முதல் மாணவர் வந்துவிடுவார், கொடுக்க வேலை இருக்காது. இதையெல்லாம் மூன்றாண்டுகளுக்கு முன் கடந்த ஒருவரிடம் தொலைபேசியில் பத்து நிமிடம் பேசினால் ஆறு மாதம் மிச்சமாகலாம். இளம் ஆய்வாளர்களுக்குள் இப்படியொரு வலையமைப்பு வேண்டும்; ஆண்டுக்கொரு முறை கூடிப் பொன்னாடை போர்த்திக் கலைவதை நான் வலையமைப்பு என்று சொல்லமாட்டேன். ஒருவருடைய மாணவர் இன்னொருவருடைய கருவியில் இரண்டு வாரம் வேலை செய்யப் பயணச் செலவு கிடைக்கிறதா என்றுதான் பார்ப்பேன். நம் நாட்டிலும் உயிரியல் துறையின் இளம் ஆய்வாளர் சந்திப்பு 2009இல் தொடங்கியது. அதற்கும் என் அளவுகோல் இதுவே.

குறை இல்லாமல் இல்லை. துணைவரின் வேலை, பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றை ஒன்பதாம் ஆண்டில் பெயர்த்து நட வேண்டிய சுமை ஆய்வாளர் தலையில்தான் விழுகிறது, அதிலும் பெண்கள்மீது கூடுதலாக. எனவே உங்கள் மகள் விண்ணப்பிக்கும்போது, மகப்பேறு விடுப்புக் காலம் அந்த ஐந்து ஆண்டுக் கணக்கிலிருந்து கழிக்கப்படுமா என்பதை எழுத்திலேயே கேட்டுப் பெறட்டும்.