கூடைப்பந்து இறுதித் தொடரில் உண்மையிலேயே சிறந்த அணிதான் ஜெயிக்கிறதா?

"ஒரே ஆட்டம் என்றால் அதிர்ஷ்டம் புகுந்துவிடும், சரி. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஏழு ஆட்டங்கள் வரை ஆடி நான்கை ஜெயிக்க வேண்டுமே, அப்புறம் என்ன சந்தேகம்?" என்பதுதான் கேள்வி. 2013 ஜூன் வரை நானும் இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு சான் அன்டோனியோ ஸ்பர்ஸும் மியாமி ஹீட்டும் மோதின. ஸ்பர்ஸ் 3-2 என்று முன்னிலை. ஆறாவது ஆட்டத்தில் கடைசி 28 நொடிகள் இருக்கும்போது ஐந்து புள்ளி முன்னால் இருந்தார்கள். கோப்பை கொடுக்கும் சடங்குக்காகக் கோர்ட்டைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டக்கூட ஆட்கள் வந்துவிட்டார்கள். மியாமியின் லெப்ரான் ஜேம்ஸ் தூரத்துக் கோட்டுக்கு வெளியே இருந்து ஒரு மூன்று புள்ளியைப் போட்டார். ஸ்பர்ஸின் கவாய் லெனார்ட், தடுப்பாரில்லாமல் எறியக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைத் தவறவிட்டார். லெப்ரானின் அடுத்த எறிதல் வளையத்தில் பட்டுத் தெறித்தது, கிறிஸ் போஷ் அதை எட்டிப் பிடித்து மூலைக்குத் தட்டிவிட்டார், ரே ஆலன் பின்வாக்கில் கால் வைத்துக் கோட்டுக்கு வெளியே போய் எறிந்தார். 5.2 நொடி மிச்சமிருக்கையில் 95-95. ஓவர்டைமில் மியாமி 103-100. ஏழாவது ஆட்டத்தையும் அவர்களே எடுத்தார்கள்.

நான் ஸ்பர்ஸ் ரசிகன். கொஞ்ச நாள் கழித்து, புண்ணைச் சொறிந்துகொள்வதுபோல, ஏழு ஆட்டங்களின் புள்ளிகளையும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். ஸ்பர்ஸ் 684, மியாமி 679. ஐந்து புள்ளி அதிகம் எடுத்த அணி வீட்டுக்குப் போனது!

அதற்காக ஸ்பர்ஸ்தான் சிறந்த அணி என்று சொல்ல வரவில்லை. அந்த சீசனில் மியாமி 66 ஆட்டம் ஜெயித்தது, இடையில் தொடர்ச்சியாக 27. ஸ்பர்ஸ் ஜெயித்தது 58. சீசனைப் பார்த்தால் ஒரு பதில், தொடரின் மொத்தப் புள்ளியைப் பார்த்தால் இன்னொரு பதில், கோப்பையைப் பார்த்தால் மறுபடியும் முதல் பதில். இரண்டு அணிக்கும் நடுவே நூலிழை வித்தியாசம்கூட இல்லை என்பதே உண்மை. தெறித்த அந்தப் பந்து போஷ் கைக்குப் போகாமல் வேறு பக்கம் தெறித்திருந்தால் இன்று எல்லோரும் ஸ்பர்ஸின் அனுபவத்தைப் பற்றி நீளநீளமாக எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஏழு ஆட்டம் என்பது நிறைய என்று தோன்றுகிறது இல்லையா? சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். சொந்த மைதானம், காயம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஓர் அணி எதிரணியை நூறு ஆட்டத்தில் 55 முறை வெல்லக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். ஏழு ஆட்டத் தொடரை அது வெல்லும் வாய்ப்பு 61 சதவீதம்தான். நூறுக்கு 60 முறை வெல்லும் அணிக்கு 71. நூறுக்கு 65 என்றால் 80. அதாவது தெளிவாகவே மேலான ஓர் அணிகூட ஐந்து தொடருக்கு ஒன்றைத் தோற்கும். 55 சதவீத அணிதான் மேல் என்று 95 சதவீத உறுதியோடு நிரூபிக்க வேண்டுமானால் ஏறக்குறைய 270 ஆட்டம் கொண்ட தொடர் நடத்த வேண்டியிருக்கும். யார் பார்ப்பது? யார் ஆடுவது?

சிக்கல் என்னவென்றால், இறுதித் தொடர் வரை வருகிற இரண்டு அணிகளுக்கு நடுவே இடைவெளி பெரும்பாலும் சிறியது. முதல் சுற்றில் எட்டாவது இடத்து அணியை முதலிடத்து அணி நசுக்கும்போது இந்தக் கேள்வியே எழாது. எங்கே கேள்வி முக்கியமோ அங்கேதான் தொடரின் பதிலில் நம்பகம் குறைகிறது.

ஆனால் இதை வைத்து "எல்லாம் அதிர்ஷ்டம்" என்று முடித்துவிடுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. 2016 நல்ல உதாரணம். சீசனில் 73 வெற்றி, 9 தோல்வி என்று யாரும் தொடாத சாதனை படைத்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 3-1 முன்னிலையில் இருந்து கிளீவ்லேண்டிடம் தோற்றது. ஆறு ஆட்டம் முடிந்தபோது இரண்டு அணியின் மொத்தப் புள்ளியும் 610. ஆமாம், இரண்டுக்கும் அதே எண். ஏழாவது ஆட்டத்தில் 89-89 என்று சமமாகி, கடைசி நாலரை நிமிடத்தில் பெரும்பகுதி ஒருவராலும் ஒரு கூடை போட முடியவில்லை. 53 நொடி இருக்கையில் கிளீவ்லேண்டின் கைரி இர்விங் மூன்று புள்ளியைப் போட்டார். அது போகாமலும் இருந்திருக்கலாம், அந்த அளவுக்கு அது அதிர்ஷ்டம். ஆனால் அப்போது அவருக்கு எதிரே காவல் நின்றவர் வாரியர்ஸின் ஸ்டெஃபன் கரி. அது தற்செயல் இல்லை. சக வீரர் ஒருவர் காவல்காரரை வழிமறித்து நிற்கும் ஸ்கிரீன் வைத்து, காவல்காரரை மாற்றவைத்து, கரியைத் தனியாக இழுத்து வந்து நிறுத்தினார்கள். தொடர் முழுக்க அவர்கள் தேடித்தேடிப் பிடித்த இடம் அது. ஆக, அந்த ஒரே எறிதலில் திட்டம் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

நீளமான தொடரின் உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரே எதிரியோடு திரும்பத் திரும்ப ஆடும்போது உங்கள் பலவீனத்தை ஒளித்துவைக்க இடமில்லை. 2015 இல் 1-2 என்று பின்தங்கிய வாரியர்ஸ், நான்காவது ஆட்டத்தில் உயரமான ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்துவிட்டு ஆண்ட்ரே இகுடாலாவை முதல் ஐவரில் இறக்கியது. அதன் பிறகு வரிசையாக மூன்று வெற்றி, கோப்பை, இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் இகுடாலாவுக்கே. ஒற்றை ஆட்டமாக இருந்தால் அந்தப் பதிலை யோசிக்க நேரமே கிடைத்திருக்காது.

காயத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம், சொல்லிப் பயனில்லை. அதே 2015 இல் கிளீவ்லேண்டின் இர்விங் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் எலும்பு முறிந்து வெளியேறினார், கெவின் லவ் அதற்கு முன்பே இல்லை. 2019 இல் வாரியர்ஸுக்குக் கெவின் டுரான்ட்டும் கிளே தாம்ப்சனும் அடுத்தடுத்த ஆட்டங்களில் விழுந்தார்கள், டொராண்டோ ஜெயித்தது. 2025 இல் ஏழாவது ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலேயே இந்தியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் குதிகால் தசைநாண் அறுந்து வெளியேறினார். "முழு பலத்தோடு ஆடியிருந்தால்" என்று ஒவ்வொரு தோற்ற அணியின் ரசிகரிடமும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். என்னிடமும் இருக்கிறது, வெளியே எடுப்பதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், பந்து விளையாட்டுகளில் கூடைப்பந்து ஓரளவு நேர்மையானது என்பேன். ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் நூறு முறை போலப் பந்து கையில் வருகிறது. கால்பந்தில் ஒரே ஒரு கோல் எல்லாவற்றையும் முடித்துவிடும், இங்கே அப்படியில்லை. அதனால்தான் மோசமான அணி கோப்பை வென்றதாக ஓர் ஆண்டையும் என்னால் காட்ட முடியவில்லை. ஆறாவது இடத்தில் இருந்து வந்து 1995 இல் வென்ற ஹூஸ்டன் ராக்கெட்ஸ்கூட முந்தைய ஆண்டின் சாம்பியன், ஹகீம் ஒலாஜுவான் இருந்த அணி.

எனவே என் பதில்: தொடர் மோசமான அணியை உள்ளே விடாது, ஆனால் மிகச் சிறந்த இரண்டில் எது மேல் என்று சொல்லும் அளவுக்கு அதற்குக் கூர்மை போதாது. மறு ஆண்டு, 2014 இல், அதே மியாமியை ஸ்பர்ஸ் 4-1 என்று உருட்டியது. ஜெயித்த நான்கிலும் 15 புள்ளிக்குக் குறையாத வித்தியாசம். அந்த முறை நான் எதையும் கூட்டிப் பார்க்கவில்லை.

1969 இல் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதை முதன்முதலாகக் கொடுத்தார்கள். சீசனில் 55 வெற்றி பெற்ற லேக்கர்ஸ், 48 வெற்றி பெற்ற பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் சொந்த மைதானத்திலேயே 108-106 என்று தோற்றது. வெற்றி விழாவுக்காகக் கூரையில் கட்டிவைத்த பலூன்கள் அப்படியே தொங்கின. அன்று 42 புள்ளி எடுத்தும் தோற்ற ஜெர்ரி வெஸ்டுக்குத்தான் அந்த விருது போனது. அதற்குப் பிறகு தோற்ற அணியில் இருந்து யாரும் அதை வாங்கியதில்லை.