உடைந்த பின்பக்கச் சிறு கண்ணாடி: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, ஸ்காபரோவில் நீங்கள் கழிக்கும் முதல் குளிர்காலத்திலேயே, உங்களுடைய பழைய ஹொண்டா சிஆர்-வியின் பின்கதவுக்குப் பின்னால் உள்ள, திறக்க முடியாத சிறு பக்கக் கண்ணாடியை இரவில் தரிப்பிடத்தில் யாரோ உடைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மாற்றுவதற்கு எவ்வளவு முடியும், காப்புறுதியிடம் போனால் கட்டணம் ஏறுமா, நண்பர் சொல்வதுபோல் பழைய கண்ணாடி ஒன்றை வாங்கிச் சிலிக்கோன் பூசி நீங்களே ஒட்டிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து சிலிக்கோன் பக்கம் போக வேண்டாம். இதே கண்ணாடி எங்கள் வீட்டு வாகனத்திலும் உடைந்து மாற்றப்பட்டிருக்கிறது; பிறகு உறவினர் பலருக்கும் இதற்காக அலைந்திருக்கிறேன். இது அளவில் சிறியது என்பதால் வேலையும் சிறியது என்று நினைப்பவர்கள்தான் இரண்டாம் தடவையும் செலவழிக்கிறார்கள்.

கண்ணாடி கிடைக்கும்வரை வாகனத்தைக் காப்பாற்றுவது எப்படி என்பதை முதலில் பாருங்கள். முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்ரிக் படலம் வைத்துச் செய்யப்படுவதால் உடைந்தாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். உங்களுடைய பக்கக் கண்ணாடியோ பெரும்பாலும் டெம்பர்ட் கண்ணாடியாகத்தான் இருக்கும். சூடாக்கிச் சடுதியாகக் குளிர்விக்கப்பட்ட அந்தக் கண்ணாடி, ஓர் இடத்தில் உடைந்தால் முழுவதும் கற்கண்டுத் துண்டுகள்போல் நொறுங்கிக் கொட்டிவிடும். அதனால் அதைத் திருத்த வழியே கிடையாது, மாற்றத்தான் வேண்டும். கொட்டிய துண்டுகள் ஆசனத்தின் மேல் மட்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஆசனம் மடியும் இடுக்கு, பக்கவாட்டுப் பிளாஸ்ரிக் மூடியின் உட்புறம், ஆசனப் பட்டி சுருளும் பெட்டியின் அருகு என்று எல்லா இடத்திற்கும் அவை இறங்கியிருக்கும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு பெரிய துண்டுகளைப் பொறுக்கியபின் வாக்கூம் பிடியுங்கள். எரிவாயு நிலையங்களிலும் கார் கழுவும் இடங்களிலும் காசு போட்டுப் பாவிக்கும் வாக்கூம்கள் வீட்டில் உள்ளதைவிட வலுவானவை. பின்னால் குழந்தை ஆசனம் இருந்தால் அதை முழுவதாகக் கழற்றி வெளியில் எடுத்து, துணியையும் பட்டிகளையும் அதன் கையேட்டில் சொன்னபடி சுத்தம் செய்த பின்னரே பிள்ளையை இருத்துங்கள். இந்த ஒன்றில் மட்டும் அவசரப்படக் கூடாது.

திறந்த இடத்தை மூடத் தடித்த, ஊடாகப் பார்க்கக்கூடிய பொலித்தீனை எடுங்கள். கறுப்புக் குப்பைப் பையைப் போட்டால், பாதை மாறும்போது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்க வேண்டிய அந்த மூலை மறைந்துவிடும். சாம்பல் நிற டக்ட் ரேப்பைப் பெயின்ற் மேல் நேரடியாக ஒட்ட வேண்டாம். பழைய வாகனங்களில் அது பெயின்ரையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். முதலில் பெயின்ரர்கள் பாவிக்கும் நீல ரேப்பைச் சுற்றிவர ஒட்டி, அதன் மேல் மற்றதை ஒட்டுங்கள். குளிரில் எந்த ரேப்பும் பிடிக்காது என்பதால், ஈரத்தைத் துடைத்துவிட்டு, தலைமுடி உலர்த்தும் கருவியால் அந்த இடத்தைச் சற்றுச் சூடாக்கிவிட்டு ஒட்டினால் சில நாள் தாங்கும். இந்த நிலையில் 401 நெடுஞ்சாலையில் ஓடினால் காற்று பொலித்தீனைக் கிழித்துவிடும்; உள்வீதிகளால் போவது நல்லது.

உடைத்தவர் அங்கே இல்லை, ஆளுக்கு ஆபத்தில்லை என்றால் 911 வேண்டாம். ரொறன்ரோ பொலிஸின் அவசரமற்ற இலக்கமான 416-808-2222 இற்கு அழைக்கலாம், அல்லது அவர்களுடைய இணையப் படிவத்தில் முறைப்பாட்டைப் பதியலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனம் அதைக் கேட்கக்கூடும். வாகனத்துக்குள் இருந்து கைப்பை, மடிக்கணினி போன்றவை போயிருந்தால் அவற்றுக்கு வாகனக் காப்புறுதி பொறுப்பல்ல. உங்களிடம் வாடகைக் குடியிருப்பாளர் காப்புறுதி இருந்தால் அதன்கீழ்தான் கேட்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் பலர் கடவுச்சீட்டு, நிரந்தர வதிவிட அட்டை, சமூகக் காப்புறுதி இலக்கக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வாகனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறார்கள். அப்படி ஏதும் போயிருந்தால் கண்ணாடியைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஈக்விபாக்ஸ், ரான்ஸ்யூனியன் ஆகிய இரண்டு கடன் தரவு நிறுவனங்களுக்கும் அழைத்து உங்கள் பெயரில் எச்சரிக்கைக் குறிப்பைப் போடச் சொல்லுங்கள்.

இனிக் காப்புறுதி. ஒன்ராறியோவில் கண்ணாடி உடைப்பு ‘கொம்பிரிஹென்சிவ்’ என்ற பிரிவில் வருகிறது. அது சட்டப்படி கட்டாயமானது அல்ல. மாதக் கட்டணத்தைக் குறைப்பதற்காகப் பழைய வாகனங்களுக்கு அதை எடுக்காமல் விடுபவர்கள் நம்மவர்களில் அதிகம். வங்கிக் கடனில் வாங்கிய வாகனமென்றால் கடன் கொடுத்தவரே அதை வற்புறுத்தியிருப்பார். எனவே உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, அந்தப் பிரிவு இருக்கிறதா, அதற்கு டிடக்டிபிள், அதாவது முதலில் உங்கள் கையால் கட்ட வேண்டிய தொகை, எவ்வளவு என்று பாருங்கள். கூடவே ‘ஓ.பி.சி.எஃப். 13சி’ என்ற இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணாடிக்கான பாதுகாப்பைச் சுருக்கும் இணைப்பு அது. கட்டணத்தில் சிறு தள்ளுபடிக்காக அதற்குச் சம்மதித்துவிட்டு, தேவைப்படும்போதுதான் அப்படியொன்று இருப்பதையே அறிபவர்கள் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தாலும், உரிமை கோருவது இலாபமா என்பது வேறு கணக்கு. கடைக்காரர் 450 டொலர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 13 வீத விற்பனை வரியையும் சேர்த்தால் 508.50 டொலர். உங்கள் டிடக்டிபிள் 500 டொலர் என்றால், காப்புறுதி நிறுவனத்திடமிருந்து கிடைப்பது 8.50 டொலர் மட்டுமே. திருட்டுக்காக யாரோ கண்ணாடியை உடைத்தது உங்கள் பிழையால் நடந்த விபத்தாகக் கணக்கிடப்படாது. ஆனாலும் உரிமைகோரல் உங்கள் பதிவில் இருக்கும், உரிமைகோரல் இல்லாதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி சில நிறுவனங்களில் பாதிக்கப்படலாம். கனடாவில் காப்புறுதி வரலாறு இப்போதுதான் தொடங்கும் ஒருவருக்கு, சில டொலர்களுக்காக அதில் ஒரு பதிவைச் சேர்ப்பது தேவையற்றது என்பது என் உறுதியான கருத்து. முதலில் கண்ணாடிக்கு விலை கேளுங்கள், பிறகு புரோக்கரிடம் பேசுங்கள். “நான் இப்போது உரிமை கோரவில்லை, தகவல் மட்டுமே கேட்கிறேன்” என்று தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

விலை கேட்கும்போது நீங்கள் திகைக்கக்கூடும். கதவில் மேலும் கீழும் இறங்கும் பெரிய கண்ணாடியைவிட, கை அகலமே உள்ள இந்த அசையாக் கண்ணாடிக்குப் பல வாகனங்களில் கூடுதலாகக் கேட்பார்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு செய்யாதீர்கள். கதவுக் கண்ணாடி வெறும் தகடு. பல நிறுவனங்கள் அதைச் செய்கின்றன, களஞ்சியங்களில் கிடைக்கும். பின்பக்கச் சிறு கண்ணாடி பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே சுற்றிவர இறப்பர் அல்லது பிளாஸ்ரிக் விளிம்பு வார்த்து, அந்த விளிம்போடு ஒரே பாகமாகத்தான் வரும். சிலவற்றில் உடலில் பொருத்தும் ஆணிகளும் அலங்கார ஓரமும்கூட அதிலேயே இருக்கும். அடிக்கடி விற்காத பாகம் என்பதால், சில மாதிரிகளுக்கு டீலரிடம் மட்டுமே கிடைக்கும்; வரச் சில நாள் ஆகலாம்.

சரியான கண்ணாடியைக் கேட்பதுதான் இந்த வேலையில் பாதி. சாரதிப் பக்கக் கதவின் சட்டத்திலும், முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலும் உள்ள 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட வின் இலக்கத்தை, அதாவது வாகன அடையாள இலக்கத்தை, படம் எடுத்து அனுப்புங்கள். ‘ஹொண்டா, இந்த ஆண்டு’ என்று மட்டும் சொன்னால் போதாது. உடைந்தது கதவுக்குள் உள்ள சிறு கண்ணாடியா, கதவுக்குப் பின்னால் வாகன உடலில் உள்ளதா என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டும் வேறு பாகங்கள், வேறு வேலைகள். இங்கே சாரதிப் பக்கம் இடப்பக்கம். இலங்கையில் ஓட்டிய பழக்கத்தில் ‘ட்ரைவர் சைட்’ என்று சொல்லி வலப்பக்கக் கண்ணாடியை எதிர்பார்க்க வேண்டாம். ஆசனத்தில் முன்னோக்கி அமர்ந்தபடி உங்கள் இடமா வலமா என்று சொல்வதே பாதுகாப்பு.

நிறத்தையும் கவனியுங்கள். இவ்வகை வாகனங்கள் பலவற்றில் பின்கதவு தொடங்கிப் பின்னால் உள்ள கண்ணாடிகள் கருமையாக இருக்கும். அது மேலே ஒட்டிய படலம் அல்ல, கண்ணாடியே அப்படி வார்க்கப்பட்டது. ‘பிரைவசி கிளாஸ்’ என்பார்கள். உங்கள் வாகனத்தின் மறுபக்கத்தில் உடையாமல் இருக்கும் அதே கண்ணாடியின் மூலையில் உள்ள சிறு எழுத்துகளைப் பாருங்கள். ஏஎஸ்2 என்று இருந்தால் குறைந்தது 70 வீத வெளிச்சத்தை விடும் கண்ணாடி. ஏஎஸ்3 என்றால் அதைவிடக் கருமையாக இருக்க அனுமதிக்கப்பட்டது. அந்த மூலையைப் படம் எடுத்து அனுப்பிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. கண்ணாடியில் வானொலி அன்ரெனாக் கம்பி ஓடுகிறதா என்றும் பாருங்கள். பழைய வாகன உதிரிப்பாக முற்றங்களில் பாவித்த கண்ணாடி மலிவாகக் கிடைக்கும், அது நல்ல வழிதான்; ஆனால் கழற்றியவர் விளிம்பை வெட்டாமல், கீறாமல் கழற்றியிருக்க வேண்டும். விளிம்பு கிழிந்த கண்ணாடியை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

இனிச் சிலிக்கோன் ஏன் ஆகாது என்பதற்கு வருகிறேன். வாகன உடலோடு ஒட்டப்படும் இந்தக் கண்ணாடிகளுக்கு யூரித்தேன் என்ற பசையே உரியது. சிலிக்கோன் குளியலறைக்கு உரியது. அதிர்வையும் கோடை, குளிர் மாற்றத்தையும் தாங்கிக் கண்ணாடியைப் பிடித்துவைக்கும் வலு அதற்கு இல்லை. புளிச்ச வாசம் வரும் சாதாரண வகைகள் இறுகும்போது அசெற்றிக் அமிலத்தை வெளிவிடுவதால், கீறல் விழுந்த இரும்பைக் கறள் பிடிக்கவும் செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு யூரித்தேன் ஒட்டாது. அடுத்து வரும் தொழிலாளி அதைத் துளியும் இல்லாமல் அகற்றியே வேலை தொடங்க வேண்டும், அதற்கும் நீங்கள்தான் கூலி கொடுக்க வேண்டும்.

முறையாகச் செய்பவர் எப்படிச் செய்வார் என்று தெரிந்திருந்தால் நீங்கள் பக்கத்தில் நின்று கவனிக்கலாம். உள்ளே உள்ள பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றி, துண்டுகளை உறிஞ்சி எடுப்பார். பழைய பசையை இரும்புவரை சுரண்டாமல் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு தளமாக விட்டுச் சீவுவார். நன்கு பிடித்திருக்கும் பழைய யூரித்தேன் மேல் புதியது நன்றாக ஒட்டும். கத்தி பட்டுப் பெயின்ற் கீறிய இடங்களுக்குப் பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசுவார். இந்த ஒரு படியைத் தவறவிடுவோர் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. ஒன்ராறியோ வீதிகளில் குளிர்காலம் முழுவதும் உப்புக் கொட்டப்படுகிறது. பிரைமர் பூசாத கீறல் வெளியில் தெரியாமல் கறள் பிடித்து, பசையைத் தூக்கி, ஒழுக்கைக் கொண்டுவரும். பிறகு புதுப் பசையை இடைவெளியில்லாத ஒரே வரியாக இட்டு, கண்ணாடியை அழுத்தி, ரேப்பால் பிடித்துவைப்பார்.

நீங்களே மூடிகளைக் கழற்றுவதை நான் விரும்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த மூலைக்கு மேலே கூரை ஓரமாகப் பக்கவாட்டு எயார்பாக் மடிக்கப்பட்டிருக்கலாம். ஆசனப் பட்டியின் மேல் முனையும் அருகில்தான் பூட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்றினால் உரிய இறுக்கத்தில் திரும்பப் பூட்டியாக வேண்டும். பயிற்சியில்லாத கைகளுக்கு இது வேண்டாம்.

யூரித்தேன் காற்றின் ஈரப்பதத்தை எடுத்து இறுகுவது. தை, மாசிக் குளிரில் காற்று வறண்டிருப்பதால் மெதுவாகவே இறுகும். வீட்டுக்கு வந்து செய்து தருபவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், கடும் குளிர் நாட்களில் சூடான கடைக்குள் விட்டுச் செய்விப்பதே நல்லது. எவ்வளவு நேரத்தில் ஓட்டலாம் என்பதை அவர் பாவித்த பசையைப் பொறுத்து அவரையே சொல்லச் சொல்லுங்கள். முதல் நாளில் ஒரு கதவுக் கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கிவிடுங்கள்; எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்து சாத்தினால் உள்ளே எழும் காற்றழுத்தம் புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும். சில நாட்களுக்கு அழுத்த நீர் அடிக்கும் கார் கழுவும் இடங்களுக்குப் போக வேண்டாம்.

வேலை தொடங்குமுன் எழுத்தில் எஸ்டிமேற், அதாவது செலவு மதிப்பீடு, கேளுங்கள். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எழுதித் தந்த தொகையைவிட 10 வீதத்துக்கு மேல் அவர்கள் அறவிட முடியாது. புதுப் பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை, உத்தரவாதம் உண்டு. ‘ரசீது இல்லையென்றால் வரி இல்லை’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த வரியில் மிஞ்சும் காசுக்காக இந்த உரிமைகளை நிரூபிக்கும் ஒரே தாளை இழந்துவிடுவீர்கள். பசை நன்றாக இறுகிய பிறகு, ஒருவர் உள்ளே இருக்க மற்றவர் குழாய்த் தண்ணீரை மெதுவாகக் கண்ணாடியின் மேல் ஓரத்திலிருந்து ஓடவிட்டுப் பாருங்கள். கீழ்க் கம்பளத்தில் ஈரம் தெரிந்தாலோ, வேகமாக ஓடும்போது அந்த மூலையில் விசில்போல் காற்று கேட்டாலோ, 90 நாள் முடிவதற்கு முன்னரே ரசீதோடு அதே கடைக்குப் போய்த் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.