கிழித்த தாளுக்கு மார்க் கிடையாது

ஆச்சிக்கு வணக்கம்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ படிக்கும் மகள், கணக்கு நோட்டில் ஒரு வரி கோணினாலும் பக்கத்தையே கிழித்துவிடுகிறாள். அரையாண்டுத் தேர்வில் ஐந்து மார்க் கேள்விகள் மூன்றைத் தொட நேரமில்லாமல் வந்து அழுதாள். 'நல்லாப் படிக்கிற பிள்ளை, ஏன் இப்படி?' என்று கேட்கிறீர்கள். நான் பார்த்தவரை, நல்லாப் படிக்கிற பிள்ளைகளிடம்தான் இது அதிகம்.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். கணிதத் தாள் 90 மார்க், எழுத மூன்று மணி நேரம். ஒரு மார்க்குக்கு 2 நிமிடம், ஐந்து மார்க் கேள்விக்கு 10 நிமிடம். ஒரு கேள்வியை அழகுபடுத்த 20 நிமிடம் எடுத்தால், அடுத்த கேள்வியின் நேரம் போய்விடுகிறது. திருத்துகிறவர் ஒவ்வொரு படிக்கும் மார்க் போடுவார். கடைசி விடை தப்பினாலும் போட்ட படிகளுக்கு உரியது வரும். எழுதாத கேள்விக்கு அவர் எதைப் பார்த்துப் போடுவார்? விட்டது 15 மார்க். பொறியியல் கட்-ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அதாவது பொதுத்தேர்விலும் இப்படி விட்டால் அந்த 15-ம் முழுசாகப் போகும். வேதியியலில் ஒரு மார்க் குறைந்தால் கட்-ஆஃபில் அரைதான் போகும். ஆனால் அவள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை திரும்பத் திரும்ப வரைவது வேதியியல் ரெக்கார்டு நோட்டை!

ஆத்தங்குடி உங்களுக்குப் பக்கம்தானே, ஒருநாள் தரையில் பதிக்கும் பூக்கல் போடுகிற பட்டறைக்குக் கூட்டிப் போங்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சைத் தூக்கும் நேரத்தில் அந்தக் கை எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்று பார்க்கட்டும். அப்படியும் கோடு ஓரத்தில் கொஞ்சம் ஓடும். ஒரு கல் போல இன்னொன்று இராது. அப்புறம் கல்லைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அடிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். அதை யாரும் மெருகேற்றுவதில்லை, சொரசொரப்பு இருந்தால்தான் தரையில் பிடிக்கும். உங்கள் மகளிடம் அக்கறைக்குக் குறைவில்லை. எது பூப்பக்கம், எது அடிப்பக்கம் என்று பிரிக்கத்தான் தெரியவில்லை.

இனி சொல்வது கொஞ்சம் கசக்கும். பால் ஹியூவிட், கார்டன் ஃப்ளெட் என்ற உளவியலாளர்கள் 1991-ல், குறையே இருக்கக் கூடாது என்கிற இந்தக் குணத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடமே குறையில்லாமையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. மூன்றாவதுதான் பிள்ளையை அதிகம் வாட்டும். 97 வாங்கி வந்தபோது 'மூணு எங்க போச்சு?' என்று சிரித்துக்கொண்டே கேட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது விளையாட்டு. அவளுக்கு அப்படிக் கேட்டிருக்காது.

நானும் இதில் பட்டவன்தான். முதல் வேலைக்கான விண்ணப்பத்தை ஐந்து முறை மாற்றி எழுதினேன். ஐந்தாவது படி பிரமாதமாக வந்தது. கடைசித் தேதி முந்தின நாளே முடிந்திருந்தது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். தினமும் ஓர் ஐந்து மார்க் கணக்கு, 10 நிமிட அலாரம், பென்சில் ரப்பர் கிடையாது, பேனா மட்டும். தப்பு வந்தால் ஒரே கோடாக அடித்துவிட்டுக் கீழே தொடர வேண்டும். அலாரம் அடித்தால் பாதி வரியானாலும் அடுத்த கேள்வி. முதல் வாரம் எரிச்சல்படுவாள், விட்டுக்கொடுக்காதீர்கள். பரிட்சை முடிந்து வந்தால் 'எத்தனை வரும்?' வேண்டாம், 'எல்லாம் தொட்டியா?' போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். தூக்கமோ சாப்பாடோ குறைந்தால், எழுதியதையே நிறுத்த முடியாமல் திரும்பத் திரும்பச் சரிபார்த்தால், இது என் வேலை இல்லை, மனநல மருத்துவர் பார்க்க வேண்டியது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டோடு அவளையும் கூட்டி வாருங்கள். விடைகளைப் பார்க்க மாட்டேன். எத்தனை இடத்தில் கோடு அடித்திருக்கிறாள் என்று எண்ணப் போகிறேன்.