22 வருசமாகத் தினமும் குடிக்கும் அப்பா, மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்தினால் உடம்புக்கு ஏதும் ஆகுமா?

ஆகும். நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தைப் பார்த்தால், ஆகும் என்றே வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்வதுதான் புத்தி.

மற்றவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், அப்பாவுக்கு 54 வயது. தினமும் அரைப் போத்தல் சாராயம், கையில் காசு இல்லாத வாரங்களில் கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம். விடிய பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) போகுமுன் ஒரு முடக்கு இல்லாமல் கை நிற்பதில்லை. வரும் கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டு அன்றோடு விடப்போகிறார். இரண்டு வருசத்துக்கு முன் ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியபோதும் இப்படித்தான் ஒரேயடியாக விட்டார். மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் எறும்பு ஊருது, இஸ்தோப்பில் (திண்ணையில்) யாரோ நிக்கிறாங்க என்று எழுந்து ஓடினார். முனி அடித்துவிட்டது என்று பூசாரியிடம் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்தீர்கள்.

தங்கச்சி, அது முனி இல்லை. குடி திடீரென்று நின்றதால் வந்த சித்தப்பிரமை. அந்த இரண்டு நாளில் அவர் பிழைத்தது அதிர்ஷ்டம்.

இதைப் படித்ததும் "குடியை விடாதே என்கிறான் பார்" என்று சிலர் கிளம்பி வருவார்கள். நான் சொல்வது அதுவல்ல. விடத்தான் வேண்டும். விடும் தேதியைப் பஞ்சாங்கம் மட்டும் பார்த்துக் குறிக்காதீர்கள், டாக்டரையும் கேட்டுக் குறியுங்கள் என்கிறேன். தோட்டத்து மருந்துக் காம்பராவிலும் ஆஸ்பத்திரி வாட்டிலும் இந்த விசயத்தைக் கிட்ட இருந்து பார்ப்பவர்கள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். கார்த்திகையிலும் சித்திரையிலும் வாட்டுக்கு இப்படி ஆட்கள் வருவது புதுசு இல்லை.

முதலில் கணக்கு. அரைப் போத்தல் என்றால் 375 மில்லி. லேபலில் 33.5 வீதம் போட்ட சாராயமானால் அதில் சுத்தமான மதுசாரம் ஏறக்குறைய 99 கிராம். 8.8 வீத ஸ்ட்ரோங் பியர் 500 மில்லி டின் ஒன்றில் 35 கிராம். அதனால் "சாராயத்தை விட்டு பியருக்கு மாறிட்டேன், மூணு டின்தான்" என்று சொல்பவர் எதையும் குறைக்கவில்லை. ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரை கழிக்கும், பழகிய குடிகாரருக்குக் கொஞ்சம் கூடுதலாக. ராத்திரி ஒன்பது மணிக்கு முடித்த அரைப் போத்தல் விடிந்து ஏழு, எட்டு மணிக்குத்தான் இரத்தத்திலிருந்து இறங்கி முடியும். பெரட்டுக்கு நிற்கும்போது கை நடுங்குவது குளிரால் அல்ல, அந்த இறக்கத்தால். காலையில் ஒரு முடக்கு போட்டதும் நிற்பதே அதற்கு ஆதாரம். காலைக் குடி தேவைப்படும் ஆள், ஒரேயடியாக வீட்டில் நிறுத்தக்கூடாத ஆள் என்று மனசில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி? கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் லொறியை நினைத்துப் பாருங்கள். சாராயம் மூளைக்கு அந்த பிரேக். இருபது வருசம் பிரேக்கிலேயே இருந்த மூளை, விழித்திருப்பதற்காக எக்சலேட்டரைத் தானாக அழுத்திப் பழகிவிட்டது. ஒரு நாள் காலை பிரேக்கை மட்டும் எடுத்துவிட்டால் எக்சலேட்டர் அப்படியேதான் இருக்கும். இதில் இன்னொரு கெட்ட குணம், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் முன்னதைவிடக் கடுமையாக வரக்கூடும். ஆடியில் எறும்பு தெரிந்தவருக்குக் கார்த்திகையில் வலிப்பே வரலாம்.

கடைசி முடக்கிலிருந்து மணி எண்ணுங்கள். 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு. 12 முதல் 24 மணிக்குள் சிலருக்குக் காட்சி தெரியும், குரல் கேட்கும், ஆனால் இடம், ஆள், நாள் சரியாகச் சொல்வார்கள். வலிப்பு வருவதானால் 6 முதல் 48 மணிக்குள். மிகவும் பயப்பட வேண்டியது 48 மணிக்குப் பிறகு, மூன்றாம் நான்காம் நாள்: ஆள் குழம்புவார், எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, காய்ச்சல், நாடி வேகம், பிரஷர் ஏறும், இல்லாததைக் கையால் பிடுங்குவார். சிகிச்சையே இல்லாத காலத்தில் இந்த நிலைக்குப் போனவர்களில் நூற்றுக்கு 35 பேர் வரை இறந்திருக்கிறார்கள். இப்போது நேரத்துக்கு வாட்டில் சேர்த்தால் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. முதல் நாள் நன்றாக இருந்தார், இரண்டாம் நாள் கொஞ்சம் நடுங்கினார், சரியாகிவிட்டது என்று வீட்டார் அசந்து தூங்கும் ராத்திரிதான் இது வரும். அதனால்தான் பூசாரி ஞாபகம் வருகிறது, சாராயம் ஞாபகம் வருவதில்லை.

இதோடு விரதத்தைச் சேர்த்துப் பாருங்கள். விடிய நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீர் குளியல், ஒரு வேளைச் சாப்பாடு, வெறுங்கால். மழைக்காலத்துக் குளிர் வேறு. ஏற்கனவே வியர்த்து நீர் வற்றும் உடம்பு, சர்க்கரை இறங்கும் உடம்பு. குழம்பிய நிலையில் ராத்திரி மலைப்பக்கம் இறங்கிப் போய்விட்டால் தேடுவதற்கும் வெளிச்சம் இல்லை. குருசாமியிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள். மகரஜோதிக்குப் போகிறவர்களுக்கு 41 நாள் கணக்கென்றால் டிசம்பர் முதல் வாரத்தில் மாலை போட்டாலே போதும். கார்த்திகை ஒன்றுதான் என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு மாலை.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் அப்பாவைச் சம்மதிக்க வைக்கலாம். குளோர்டயசெபொக்சைட் அல்லது டயசெபாம் மாத்திரையைக் கூடிய அளவில் தொடங்கி, ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோரசெபாம் மாதிரி வேறு ஒன்று. பிரேக்கைச் சட்டென்று எடுக்காமல் மெல்ல விடுவதுதான் இது. இந்த மாத்திரையைத் தெரிந்தவரிடம் வாங்கி வீட்டில் கொடுக்காதீர்கள். மேலே சாராயமும் போனால் மூச்சு நின்றுவிடும்.

இதைவிட முக்கியமானது தயமின், அதாவது விற்றமின் பி1. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் தோட்டத்தில் அதிகம் தவறுவது இங்கேதான். குடிப்பவர் சாப்பிடுவது குறைவு, சாப்பிட்டாலும் குடலில் தயமின் ஏறுவது குறைவு. வெள்ளைக் கோதுமை மா ரொட்டியில் அது அற்பம். சாப்பாட்டோடு குடிக்கும் கடும் சாயத் தண்ணியும் (பால் இல்லாத தேத்தண்ணி), வாயில் அடக்கும் பாக்கும் இருப்பதையும் கெடுக்கும். இப்படி வற்றிப்போன உடம்பில் "ஆள் சோர்ந்துட்டாரு, ஒரு சேலைன் ஏத்துங்க" என்று கேட்டு வாங்கி, குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினையும் அது தின்றுவிடும். பிறகு குழப்பம், கண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடுவது, காலை அகட்டித் தள்ளாடி நடப்பது. மூன்றும் சேர்ந்து தெரிவது பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோதான். ஒன்று இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். விட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடும். காலையில் சாப்பிட்டதை மறந்துவிட்டு, கேட்டால் இல்லாததைச் சொல்லும் ஆட்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) ஒருவர் இருப்பாரே, அதில் சிலர் இந்த வகை. ஆகவே குளுக்கோஸுக்கு முன்பாகவோ அதோடு சேர்த்தோ தயமின் ஊசி போட வேண்டும். "இவர் தினமும் குடிக்கிறவர், பி1 ஊசி போட்டீங்களா" என்று மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. வீட்டில் பாசிப்பயறு, கடலை, பருப்பு, தவிட்டுச் சிவப்பரிசிச் சோறு கொடுங்கள். தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமே என்று கேட்பீர்கள். வலிப்போ காட்சியோ இதுவரை வராதவருக்கு அது சரிவரும். மருந்துச் சிரப்போடு வரும் அளவு மூடியால் அளந்து, நாலு நாளைக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு, அதாவது அரைப் போத்தலில் 35, 40 மில்லி குறைத்து, நடுக்கம் வந்தால் அந்த அளவிலேயே நின்று, பிறகு குறைப்பது. ஏறக்குறைய 40 நாள் பிடிக்கும். கண் மட்டத்தில் ஊற்றினால் கணக்கு நிற்காது. கசிப்பில் இது நடக்கவே நடக்காது, நேற்றைய போத்தலின் காரமும் இன்றைய போத்தலின் காரமும் ஒன்றாக இருக்காது. உங்கள் அப்பாவுக்கு ஏற்கனவே காட்சி வந்துவிட்டதால் இந்த வழி வேண்டாம். வாட்டுதான். கிளினிக் நாள் கிடைக்கும்வரை வழக்கமான அளவைக் கூட்டாமல், திடீரென்று நிறுத்தாமல் வைத்திருங்கள். இதைச் சொல்வதற்குத்தான் எனக்கு அடி விழும், விழட்டும்.

கசிப்பு என்றதால் ஒரு வார்த்தை. குடித்துப் பாதி நாளோ ஒரு நாளோ கழித்துக் கண் மங்குது, எல்லாம் பனி மூடின மாதிரி வெள்ளையாத் தெரியுது, மூச்சு வாங்குது என்றால் அது வெறி இறங்கும் தலைவலி இல்லை, மெதனோல் கலந்திருக்கலாம். மோர் கொடுத்துப் படுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

செய்யக்கூடாதவை சில. வலிப்பு வந்தால் கையில் சாவி, கத்தி திணிக்க வேண்டாம், வாயில் கரண்டி வைக்க வேண்டாம், தண்ணி ஊற்ற வேண்டாம். பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வைத்து, தலைக்குக் கீழ் கம்பளியை மடித்து வைத்து, மணி பாருங்கள். தூக்கம் வரட்டும் என்று பிரிட்டன் (Piriton, தும்மல், அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை) கொடுத்தால் குழப்பம் கூடும். தலைவலிக்குப் பெனடோல் என்றால் நாளுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை நாலுக்கு மேல் வேண்டாம், குடிக்கும் ஈரல் தாங்காது. சாப்பாட்டில் ஒளித்துக் கொடுக்கும் "குடி மறக்க வைக்கும் பொடி" எதையும் தொடாதீர்கள். அதில் டைசல்பிரம் இருந்து, அவர் தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் விழுந்து சாகவும் கூடும். அந்த மருந்தை டாக்டர்கள் தருவது ஆளின் சம்மதத்தோடு, கடைசிக் குடிக்குப் பிறகு 12 மணி நேரமாவது கழித்து. நிறுத்தி இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது. வாட்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது குறைத்துக் குறைத்துக் குடிக்க வேண்டிய மாத்திரையின் கணக்கை ஆங்கிலத்தில் கிறுக்கி, கவரில் சிங்களத்தில் இரண்டு சொல் எழுதிக் கொடுக்கிறார்கள். கொழுந்து மலையிலிருந்து ஓடிவந்த பெண்சாதி அதை எப்படி வாசிப்பாள்? ஏழு நாள் மாத்திரையை மூன்று நாளில் முடித்துவிட்டுத் திரும்ப வருபவர்களைப் பார்த்து "இந்தத் தோட்டத்து ஆளுங்களுக்குச் சொன்னா விளங்காது" என்று பேச்சு வேறு. தமிழும் இந்த நாட்டில் அரச கரும மொழிதான். நீங்கள் கேட்டுத் தமிழில் எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் மிஸ்ஸி சொல்லச் சொல்ல நாளுக்கு ஒரு வரியாக நீங்களே கொப்பியில் எழுதுங்கள்.

உங்கள் பக்கத்துக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை கிட்டம். மனநலப் பிரிவு வேண்டுமென்றால் நுவரெலியா மாவட்ட பொது வைத்தியசாலை. காசு கட்ட வேண்டியதில்லை. பேசிப்பார்க்க 1926 மனநல உதவி இலக்கம், அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ். ஆனால் மேல் டிவிசன் லயம்வரை வண்டி ஏறாது. எந்த வளைவில் நிற்பது, அதுவரை நாற்காலியில் வைத்துத் தூக்க எந்த நாலு பேர் என்று பகலிலேயே பேசி வையுங்கள்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை மில்லி, எந்தப் போத்தல், எத்தனை வருசம், ஆடியில் என்ன நடந்தது, வேறு என்ன மாத்திரை குடிக்கிறார். கடைசி முடக்கு எத்தனை மணிக்கு என்பதை மட்டும் மணிக்கூடு பார்த்து எழுதுங்கள். "நேத்து அந்தியில" என்று சொன்னால் வாட்டில் மணிக்கணக்கு போட முடியாது.