சாரியாஹோ கணினியைக் கைவிட்டாரா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஃபின்லாந்து இசையமைப்பாளர் கையா சாரியாஹோவைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு அவருடைய இசையைத் தேடிக் கேட்டேன். நான் வீட்டில் லேப்டாப்பில் ஒலிகளைக் கோத்துப் பார்க்கிறவன். எண்பதுகளில் பாரிஸில் கணினியோடு உட்கார்ந்து இசையமைத்தவர், பிறகு பாடி நடிக்கும் ஓப்பரா, தனி வாத்தியம் ஆர்கெஸ்ட்ராவோடு சேரும் கான்செர்ட்டோ என்று பழைய வடிவங்களுக்கே போய்விட்டார். அப்படியானால் கணினி வெறும் இளமைக்கால மோகம்தானா? இன்னொன்று. மூன்று சுரங்களிலிருந்து வேறு மூன்று சுரங்களுக்கு நகரப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் படைப்பு ஒன்று அவருடையது என்று படித்தேன். அது இசையா, ஆய்வுக்கூடப் பரிசோதனையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் படித்தது 1982-இல் அவர் செய்த 'வேர் ல ப்ளான்' பற்றி. 'வெண்மையை நோக்கி' என்று பொருள். அந்த வருடம்தான் அவர் பாரிஸுக்கு, இர்காம் என்ற இசை, ஒலி ஆய்வு மையத்துக்கு வந்திருந்தார். வாத்தியம் கிடையாது, ஒலிநாடா மட்டும். சுரங்கள் நகர்கின்றன, ஆனால் அவ்வளவு மெதுவாக நகர்வதால் காதுக்குப் பிடிபடாது. பரிசோதனையா என்றால் ஆமாம், சந்தேகமே இல்லை. சுரம் நகர்வது தெரியாவிட்டால் காது எதைப் பற்றிக்கொள்ளும்? ஒலியின் நிறத்தை, அதாவது ஒரே சுரம் வீணையில் ஒரு மாதிரியும் குழலில் வேறு மாதிரியும் கேட்கிறதே, அந்தக் குணத்தை. அவருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

தம்புராவுக்கு ஜீவா பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே நூலைச் செருகி மயிரிழை நகர்த்துவார்கள். சுரம் அதேதான், ஆனால் திடீரென்று மேற்சுரங்கள் (ஒரு சுரத்துக்குள்ளேயே மெல்ல ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) கிளம்பித் தந்தி ரீங்கரிக்கத் தொடங்கிவிடும். அந்த மயிரிழை நகர்வை மட்டுமே வைத்து ஒரு முழுப் படைப்பு செய்தால் எப்படி இருக்கும்? ஒப்புமை என்னுடையது, அவர் சொன்னதல்ல. ஆனால் விஷயம் கிட்டத்தட்ட இதுதான்.

பாரிஸுக்கு வருவதற்கு முன்பு சாரியாஹோ ஜெர்மனியில் ஃப்ரைபுர்க்கில் படித்தார். ஆசிரியர்கள் இசையமைப்பாளர்கள் பிரையன் ஃபெர்னிஹோவும் கிளவுஸ் ஹூபரும். ஃபெர்னிஹோவின் இசைத்தாளைப் பார்த்தாலே கண் கட்டும், அவ்வளவு நுணுக்கக் கணக்கு. 1980-இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் கிரிசே, முராய் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர்கள் இருவரின் இசையைக் கேட்டதுதான் திருப்பம். அவர்கள் ஒலியையே பிரித்துப் பார்த்து, அதன் உள்ளே இருக்கும் மேற்சுரங்களிலிருந்து இசையைக் கட்டியவர்கள்.

பாரிஸில் அவர் அந்த வழியைத் தன் போக்கில் கொண்டுபோனார். பெரிய வயலின் போன்ற செல்லோவில் ஒரு தெளிவான சுரத்தை இழுத்துக்கொண்டே வில்லை அழுத்திக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் சுரம் கலைந்து வெறும் கரகரப்பாகிவிடும். அப்படிப்பட்ட செல்லோ ஒலிகளைக் கணினியில் ஆராய்ந்து, அதிலிருந்து 1986-இல் 'லிக்ட்போகன்' எழுதினார். வடதுருவ வானத்து ஒளியின் நினைவில் வைத்த பெயர். மரபான இசையில் இணக்கச் சுரம், முரண் சுரம் என்று ஓர் இழுபறி உண்டல்லவா? அந்த இடத்தில் அவர் தெளிந்த ஒலியையும் இரைச்சலையும் வைத்தார். இதைக் கட்டுரையாகவும் எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் பெரிய கண்டுபிடிப்பு இதுதான், ஓப்பராக்கள் அல்ல.

சரி, கைவிட்டாரா? இல்லை. 1996-இல் 'லோன்' என்று ஒரு படைப்பு. ஒரே ஒரு சொப்ரானோ குரல் (பெண்குரலில் மிக உயர்ந்த வகை), அதைச் சுற்றி மின்னணு ஒலிகள். பாட்டு பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிஞர் ஜோஃப்ரே ருடெல் எழுதியது. கண்ணால் பார்க்காத, கடலுக்கு அப்பால் இருக்கும் பெண்மேல் காதல். நான்கு வருடம் கழித்து அதே கவிஞரின் கதைதான் 'லாமூர் த லுவான்' ஓப்பராவாக சால்ஸ்பர்க்கில் அரங்கேறியது. வசனம் எழுத்தாளர் அமீன் மாலூஃப். அந்த ஓப்பராவிலும் ஆர்கெஸ்ட்ராவோடு மின்னணு ஒலி இருக்கிறது, துருத்திக்கொண்டு நிற்காததால் தெரிவதில்லை. கவனியுங்கள், அதில் கடல் வரும் இடங்களில் மெட்டு என்று பிடித்துக்கொள்ள அதிகம் இருக்காது. ஆர்கெஸ்ட்ராவின் நிறம்தான் மெல்ல மாறிக்கொண்டிருக்கும். 'வேர் ல ப்ளான்' செய்தவரால்தான் அதை எழுத முடியும். கணினியில் பழகிய காதை வைத்துக்கொண்டு வயலின்களுக்கு எழுதுகிறார், அவ்வளவுதான். (இதே ஓப்பரா 2016-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓப்பரா அரங்குக்குப் போனது. அங்கே அதற்கு முன்பு ஒரு பெண் எழுதிய ஓப்பரா மேடையேறியது 1903-இல்! அதைப் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும்.)

சிறுவயதில் ராத்திரி படுத்தால் தலையணைக்குள்ளிருந்து இசை கேட்கிறது, அதை நிறுத்து என்று அம்மாவிடம் சொல்வாராம். அந்தத் தலையணை கடைசிவரை நிற்கவில்லை போல. மூளையில் கட்டி என்று தெரிந்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தார். 2023 ஜூனில் இறந்தார். அவருடைய டிரம்பெட் கான்செர்ட்டோ 'ஹஷ்' அந்த ஆகஸ்டில்தான் ஹெல்சின்கியில் முதன்முதலாக ஒலித்தது.

லேப்டாப்பில் வேலை செய்கிறவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். 'லோன்' கேளுங்கள், நல்ல ஹெட்போனில், ராத்திரியில். அப்புறம் அவருடைய ஆர்கெஸ்ட்ரா படைப்புகள் 'து கிரிஸ்டால்', 'ஆ லா ஃப்யூமே' இரண்டையும் இடைவெளி விடாமல் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். முதல் படைப்பு செல்லோவின் ஒரு நடுக்கத்தில் முடியும். இரண்டாவது அதே நடுக்கத்தில்தான் தொடங்கும்.